யார் சொன்னால் யார் கேட்பது?

ஓசூரில் நான் போகும் சி.எஸ்.ஐ. கோயிலில் யார் எந்த ஊர்க்காரர் என்பதைத் திருவிருந்து நேரத்தில் கேட்காமலே சொல்லிவிடலாம். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்து ஆட்கள் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, கையின்மேல் கையை வைத்து அப்பத்தை வாங்குவோம். எழுந்து திரும்புமுன் பீடத்தைப் பார்த்துத் தலை சாய்ப்போம். நாகர்கோவில், நெய்யூர் பக்கத்தவர்களும் முழங்கால் போடுகிறார்கள். ஆனால் தலை சாய்ப்பதெல்லாம் கிடையாது. எழுந்ததும் விறுவிறுவென்று இடத்துக்குப் போய்விடுவார்கள். என் மனைவி நெய்யூர்க்காரி. "நீங்க பீடத்தைப் பார்த்து எதுக்குங்க கும்பிடுறீங்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டவள். அவள் அம்மா காலத்தில் அப்பமும் சின்னக் கிண்ணங்களும் உட்கார்ந்த இடத்துக்கே வருமாம்.

இத்தனை ஊரையும் ஒரே கூரைக்குக் கொண்டுவந்தது பேராயர் அல்ல, சிப்காட். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் வரவர, தெற்கிலிருந்து டிப்ளமோ படித்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்தவர்களும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். நானும் அப்படி வந்தவன்தான். நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் தொடங்கிய ஆர்ட் இண்டஸ்ட்ரியல் ஸ்கூலில் ஃபிட்டர் வேலை கற்று, இங்கே டூல் ரூமில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். இப்போது சேகரக் கமிட்டியில் இருக்கிறேன்.

2025 அக்டோபரில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. மாதத் தொடக்கத்தில், இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பதவியான கான்டர்பரி பேராயர் பொறுப்புக்கு சாரா முலாலி அறிவிக்கப்பட்டார். அந்தப் பதவிக்கு வரும் முதல் பெண் அவர். இரண்டு வாரத்துக்குள், கான்டர்பரியின் தலைமையை இனி ஏற்க மாட்டோம், உண்மையான ஆங்கிலிக்கன் ஐக்கியம் நாங்கள்தான் என்று காஃப்கான் அமைப்பு அறிவித்தது. அதன் பலம் பெரும்பாலும் நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா போன்ற ஆப்பிரிக்கச் சபைகளில் இருக்கிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போனை நீட்டிக் கேட்டான்: "அங்கிள், நம்ம சர்ச் உடைஞ்சுபோச்சா?"

இல்லை, தம்பி. ஆனால் கேள்வி நம்மையும் சேர்ந்ததுதான். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதட்ட ஆளில்லாத குடும்பம்

கத்தோலிக்கர்களுக்குப் போப் இருக்கிறார். ஆங்கிலிக்கர்களுக்கு அப்படி ஒருவர் கிடையாது. உலகில் 42 மாகாணச் சபைகள். ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குத் தானே எஜமான். கான்டர்பரி பேராயர் குடும்பத்தில் மூத்தவர், அவ்வளவுதான். கூட்டம் கூட்டலாம், கடிதம் எழுதலாம். இன்னொரு மாகாணத்தில் ஒரு குருவானவரைக்கூட மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை.

இந்தச் சிக்கல் இன்று முளைத்ததல்ல. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பேராயராக இருந்த கொலென்சோ, மோசேயின் ஐந்து ஆகமங்களும் அப்படியே வரலாறு என்று ஏற்க முடியாது என்று எழுதினார். கேப்டவுன் பேராயர் கிரே அவரை விசாரித்து, 1863இல் பதவி நீக்கம் செய்தார். லண்டன் பிரிவி கவுன்சிலோ 1865இல், கிரேக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று தீர்ப்பளித்தது. கொலென்சோ நாற்காலியை விட்டு இறங்கவில்லை. எதிர்த்தரப்பு இன்னொரு பேராயரைக் கொண்டுவந்தது. ஒரே நேட்டாலில் இரண்டு பேராயர்கள்!

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் 1867இல் முதல் லாம்பெத் மாநாடு கூடியது. 76 பேராயர்கள் வந்தார்கள். ஆனால் கூட்டிய பேராயர் லாங்லியே இது சட்டம் போடும் சபை அல்ல என்று தெளிவாக்கிவிட்டார். யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. ஆங்கிலிக்கன் ஐக்கியம் அன்று முதல் அப்படியே நடக்கிறது.

நம் மண்ணில் நடந்த பிளவுகள்

ஒழுங்கு நடவடிக்கையால் சபை உடைவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக, இறுதியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய கொந்தளிப்பு. திருவிருந்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதை ஏற்க மாட்டோம் என்று பலர் விலகினார்கள். பின்னால் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தபோது, அது சாதி விஷயத்தில் கொஞ்சம் தளர்வாக இருந்ததால், அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உத்தரவு சரி. ஆனால் தூரத்துப் பேராயர் கடிதத்தில் போட்ட உத்தரவால் ஆளைத்தான் வெளியே அனுப்ப முடிந்தது, சாதியை அனுப்ப முடியவில்லை.

என் சொந்த ஊர்ப் பக்கத்துக் கதை இன்னொரு வகை. நாசரேத்தில் உபதேசம் படித்து மிஷனில் வேலை செய்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு ஏற்பட்ட தகராறில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். போதாததற்கு, நாடார் சமுதாயத்தைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய புத்தகம் ஊரில் கோபத்தைக் கிளப்பியிருந்தது. 1857இல் சட்டாம்பிள்ளையும் அவரோடு இருந்தவர்களும் வெள்ளைக்கார மிஷனரிகளின் தயவே வேண்டாம் என்று தனிச் சபை கண்டார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் என்று அதற்குத் தனி முறை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "நாட்டார் சபை" என்பார்கள். தஞ்சாவூரில் ஆட்கள் போனது நியாயமான உத்தரவுக்குப் பணிய மனமில்லாமல். நாசரேத்தில் போனது, தண்டித்தவர் தங்களை மதிக்கவில்லை என்று. இரண்டு இடத்திலும் தண்டித்தவரும் தண்டிக்கப்பட்டவரும் சமமாக உட்கார்ந்து பேச ஒரு மேசை இருக்கவில்லை.

கிருஷ்ணகிரியும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. இது லுத்தரன் கதை; ஆனால் பாடம் ஒன்றுதான். 1890களில் லைப்சிக் மிஷனுக்குள், வேதாகமம் முழுவதும் பிழையற்றதா என்ற வாக்குவாதம் எழுந்தது. அதில் தலைமையோடு மோதிப் பிரிந்த தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு மிஷனரிகளும் அமெரிக்காவின் மிசூரி சினாடில் சேர்ந்துகொண்டு, 1895இல் இந்தியா திரும்பினார்கள். நேதர் வேலையைத் தொடங்கிய இடம் நம் கிருஷ்ணகிரி. 1904இல் பிளேக் நோயில் இறந்ததும் இங்கேதான். மோன் ஆம்பூருக்குப் போனார். இன்றைய ஐ.இ.எல்.சி. சபையின் வேர் அதுதான். ஜெர்மனியில் மூண்ட சண்டை அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாமரமும் பாறையுமாக இருந்த இந்த ஊரில் வந்து தனிக் கோயிலாக நின்றது. இங்கிருந்த விவசாயிக்கு அந்தச் சண்டையில் என்ன பங்கு?

தரங்கம்பாடி முதல் சென்னை வரை

அந்தக் கேள்வியைத்தான் 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 பேர் எழுப்பினார்கள். இரண்டு பேர் தவிர எல்லாரும் இந்தியர்கள். முன்னின்றவர் திருச்செந்தூர் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. ச. அசரியா. இந்தப் பிரிவினைகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்பது அவர்கள் அறிக்கையின் சாரம்.

பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. சிக்கல் ஒரே இடத்தில்: பேராயர். ஆங்கிலிக்கர்களுக்கு, பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் முறையான குருவானவர் அல்ல. நாகர்கோவில், நெய்யூர் பக்கத்து லண்டன் மிஷன்காரர்களுக்கும் பிரெஸ்பிட்டீரியன்களுக்கும் மெதடிஸ்டுகளுக்கும் பேராயரே தேவையில்லை. என் மாமனார் வீட்டு ஐயருக்கு என் ஊர்ப் பேராயர் திரும்பவும் அபிஷேகம் பண்ண வேண்டும் என்றால், இதுவரை அவர் கொடுத்த ஞானஸ்நானமும் திருவிருந்தும் என்ன ஆவது?

டூல் ரூமில் வேலை பார்த்தவனுக்கு அவர்கள் கண்ட வழி உடனே பிடிபடும். டிராயிங்கில் அளவு இருக்கும். பக்கத்திலேயே டாலரன்ஸும் இருக்கும். எந்த அளவில் நூலிழைகூட விலகக் கூடாது, எதில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம் என்பதை வேலை தொடங்குமுன் எழுதிவிட வேண்டும். வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயர் பதவி என்ற நான்கும் விலகக் கூடாத அளவுகள். 1888 லாம்பெத் மாநாடு ஏற்ற நான்கும் இவையே. மற்றதில் தளர்வு. இருக்கிற குருவானவர்கள் எல்லாரும், மறு அபிஷேகம் இல்லாமல், அப்படியே ஏற்கப்படுவார்கள். இனி வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் அபிஷேகம் செய்வார். எந்தச் சபைக்கும் அதற்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையையோ குருவானவரையோ சம்மதமின்றித் திணிக்கக் கூடாது. இப்படி 30 ஆண்டு சேர்ந்து வாழ்ந்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. முதல் மாடரேட்டர் மைக்கேல் ஹாலிஸ். மதுரை இராமநாதபுரத்துக்குப் பேராயரானவர் லெஸ்லி நியூபிகின். பேராயர் பதவியே இல்லாத ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டீரியன் சபையிலிருந்து வந்தவர்! அசரியாதான் பார்க்கவில்லை, 1945 ஜனவரி முதல் நாள் அவர் இறந்துவிட்டார்.

எல்லாரும் கைதட்டவில்லை. கவிஞர் டி. எஸ். எலியட் இந்தத் திட்டத்தைச் சாடி 1943இலேயே ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1948 லாம்பெத் மாநாட்டில், புதுச் சபையில் அபிஷேகம் பெறுகிறவர்களை ஏற்பதா என்பதில் பேராயர்கள் ஒத்துப்போக முடியவில்லை. இன்றைக்கு நாம் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பு. ஆனால் அன்று இணைந்த ஆங்கிலிக்கர்கள், ஒன்றுசேர்ந்ததற்காக, சொந்தக் குடும்பத்துக்கு வெளியே பல பத்தாண்டுகள் நிற்க வேண்டியிருந்தது.

ஆந்திராவில் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் இணைய மறுத்தார்கள். யாரும் அவர்கள்மேல் பாயவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. 1970களில் அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். 2013இல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா அபிஷேகம் பெற்றதும் அதே நந்தியாலுக்குத்தான். இங்கிலாந்தில் முதல் பெண் பேராயர் வந்தது அதற்கும் பின்னால், 2015இல்.

எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் போனால் இந்த இணைப்பைக் கட்டடமாகவே பார்க்கலாம். புனித மாற்கு பேராலயம் ஆங்கிலிக்கன் வழி, புனித அந்திரேயா கோயில் ஸ்காட்டியர் கட்டியது, ஹட்சன் நினைவு ஆலயம் மெதடிஸ்ட் வழி வந்த கன்னடச் சபை. எல்லாம் இன்று கர்நாடக மத்தியத் திருமண்டலத்தில் இருக்கின்றன. அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகும் எங்கள் பிள்ளைகள் எந்தக் கோயிலிலும் திருவிருந்து எடுக்கலாம். எந்த மிஷன் என்று யாரும் கேட்பதில்லை.

கான்டர்பரியில் என்ன தகராறு?

இப்போதைய தகராறுக்கு மேல்தோற்றம் ஓரினச் சேர்க்கை. 1998 லாம்பெத் மாநாடு 526க்கு 70 என்ற வாக்கில் பழைய போதனையை உறுதிசெய்தது. ஐந்து ஆண்டில் அமெரிக்கச் சபை, ஆண் துணையோடு வாழ்ந்த ஜீன் ராபின்சனைப் பேராயர் ஆக்கியது. மாநாட்டுத் தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் வாதம். கட்டுப்படுத்தாவிட்டால் எதற்குத் தீர்மானம் என்பது மற்றவர்கள் வாதம். 2008இல் எருசலேமில் காஃப்கான் கூடியது. மீறினால் என்ன விளைவு என்று எழுதிவைக்க ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் தரப்பில் ஓர் உடன்படிக்கை தயாரானது. 2012இல் இங்கிலாந்தின் திருமண்டலங்களிலேயே பெரும்பான்மை அதை நிராகரித்தது. 2023இல் இங்கிலாந்து சினாடு ஓரினத் தம்பதிகளுக்கு ஆசீர்வாத ஜெபத்துக்கு வழிவிட்டதும் விரிசல் பிளவாகிவிட்டது.

எங்கள் கோயிலில் இந்த விஷயத்தில் பெரியவர்களுக்கு ஒரு கருத்து, பிள்ளைகளுக்கு இன்னொன்று. அதை இங்கே தீர்க்க நான் வரவில்லை. எனக்குப் படுவது வேறு: தீர்ப்பு சொல்ல யாருக்கு அதிகாரம் என்பதை 1867இலேயே எழுதாமல் விட்டார்கள். சண்டை வந்தபிறகு நடுவரைத் தேடினால், ஒவ்வொரு கட்சியும் தன் ஆளைத்தான் நடுவர் என்று காட்டும்.

ஒழுங்கு என்றால் படுக்கையறை விவகாரம் மட்டும்தான் என்று நினைத்தவர்களுக்கு 2024 நவம்பர் ஒரு பாடம். ஜான் ஸ்மைத் என்பவர் பத்தாண்டுக் கணக்கில் சிறுவர்களைக் கொடூரமாக அடித்துத் துன்புறுத்தியதைச் சபை எப்படி மூடி மறைத்தது என்று மேகின் அறிக்கை அம்பலப்படுத்தியது. பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலக நேர்ந்தது. இத்தனை ஆண்டு உபதேசச் சண்டை ஒரு கான்டர்பரி பேராயரையும் இறக்கவில்லை. அடிபட்ட பிள்ளைகளின் சாட்சி இறக்கியது.

நம் வீட்டுக் கணக்கு

இதைப் படித்துவிட்டு "நாம் பரவாயில்லை" என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். கான்டர்பரிக்கு அதிகாரம் போதவில்லை. நம்மிடம் அதிகாரம் தாராளம். சினாடு, திருமண்டலப் பெருமன்றம், செயற்குழு, சேகரக் கமிட்டி, எல்லாவற்றுக்கும் விதிப்புத்தகம். ஆனாலும் பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்தும் திருத்தம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போனது. திருமண்டல நிர்வாகத்தைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை நீதிமன்றமே நியமிக்கும் நிலை வந்தது. சண்டை உபதேசத்தைப் பற்றியா? இல்லை. பள்ளி, கல்லூரி, நிலம், வேலை நியமனம். 1833இல் வில்சன் ஒழிக்கச் சொன்ன சாதி இன்று திருமண்டலத் தேர்தல் அணிகளில் வாக்கு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஓசூரில்கூட, புதிதாக வந்தவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டுச் சாதியில் வந்து நிற்பவர்கள் உண்டு. 1947இல் பேராயர் விஷயத்தை அவ்வளவு கவனமாக எழுதியவர்கள், சாதி பார்க்கக் கூடாது என்பதையும் விலகக் கூடாத அளவாக எழுதி, அளந்து பார்க்க ஆளையும் போட்டிருக்க வேண்டும்.

ஒழுங்கு நன்றாக நடந்த ஓர் இடத்தையும் சொல்கிறேன். எங்கள் சபைப் பையன் ஒருவன் கோயிலில் ஓலை வாசிக்காமல், உள்ளூர்த் தெலுங்குக் குடும்பத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். கமிட்டியில் பேச்சு வந்தது. நெல்லைக்காரர் ஒருவர், "ஐயா, சபைக்கு முன்னால நிக்க வச்சு அறிக்கை பண்ணச் சொல்லணும். ஊர்ல இதுக்கு ஒரு முறை இருக்கு" என்றார். நாகர்கோவில்காரர், சபைக் கூட்டம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். ஐயர் நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, முறை ஊர்ல இருக்கு. பையன் இங்க இருக்கான். நான் முதல்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்." பாகலூர் ரோட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், பிறகும் போனார். விதிப்படி திருவிருந்து நிறுத்தம் இருக்கத்தான் செய்தது, யாரும் தளர்த்தவில்லை. ஆனால் ஏன் நிறுத்தம், எதுவரை, திரும்பி வர என்ன வழி என்பது அந்த இருவருக்கும் முதல் நாளே தெரியும். லெந்து காலத்தில் அவன் ஐயரிடம் தானாகவே வந்தான். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இன்று பத்துத் தோழிகள்.

தண்டனை கொடுத்தவர் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர். வில்சனின் சுற்றறிக்கையிலும், சட்டாம்பிள்ளையை நீக்கிய மிஷனரியிடமும், இன்றைய பேராயர் கூட்ட அறிக்கைகளிலும் இல்லாதது அதுதான். இங்கே விதி இருந்தது, விதியைச் சொல்ல ஆள் இருந்தார், அந்த ஆளுக்கு இவனைத் தெரிந்திருந்தது. இதில் ஒன்று குறைந்தாலும் ஒழுங்கு பழிவாங்கலாகிவிடும், இல்லையென்றால் வெற்றுக் காகிதமாகிவிடும்.

அந்தத் தம்பிக்கு இதையெல்லாம் சொன்னபோது, "அப்போ நாம எந்தப் பக்கம் அங்கிள்?" என்றான். கான்டர்பரியா, காஃப்கானா என்று சினாடு பேசிக்கொள்ளட்டும். புது வீடு கட்டப் போகிறவர்களும் தங்களுக்குள் தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதை முதலில் எழுதிக்கொண்டால் நல்லது; இல்லாவிட்டால் அடுத்த பிளவு அந்த வீட்டுக்குள்ளேயே வரும். நம் பங்குக்கு, சபை வருடாந்திரக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்பவருக்கு, சொந்தக்காரரே ஆனாலும், கிடையாது என்று சொல்லலாம். அவன் பெயரை அடுத்த சேகரக் கமிட்டித் தேர்தலுக்கு முன்மொழியப் போகிறேன் என்று சொன்னேன். நைட் ஷிஃப்ட் இருக்கிறது என்று நழுவப் பார்த்தான். விடுவதாக இல்லை.